முகையூர் மண்ணும் பாஞ்சாலியின் புழுக் கணக்கும்

திண்டிவனத்து மண் ஆய்வுக்கூடத்துக்குப் பாஞ்சாலி வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. எழுபத்தாறாம் வருஷம், பக்கத்து விதைப்பண்ணைக்கு ஒருநாள் களை எடுக்க வந்தவள். அன்றைக்குப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் மண் சலிக்கிற ஆள் மட்டம் போட்டுவிட்டான். யாராவது ஒரு ஆளை அனுப்புங்கள் என்று சத்தம் வந்தது. வரிசையில் கடைசியாக நின்றவள் இவள். போனாள், சல்லடையைப் பிடித்தாள். பொழுது சாய்வதற்குள் ஆறு மூட்டை மண்ணைச் சலித்து, கல் ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். மறுநாளும் கூப்பிட்டார்கள். அந்த மறுநாள் பதினொரு வருஷத்துக்கு நீண்டுவிட்டது.

பதினொரு வருஷமும் தினக்கூலி. அதுதான் சங்கதி. தினக்கூலி ஆளுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. தினமும் சாயங்காலம் அதிகாரி அறை வாசலில் நின்று, "நாளைக்கு வரட்டுங்களா அய்யா?" என்று கேட்க வேண்டும். "வா" என்று பதில் வந்தால்தான் வேலை. மூவாயிரம் தடவைக்கு மேல் கேட்டிருப்பாள். ஒரு தடவைகூட "வராதே" என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருக்கிற அந்த அரை நொடி மட்டும் அவளுக்குப் பழகவே இல்லை. அவளோடு சேர்ந்து, அவளைவிடச் சோம்பேறியாக இருந்து, யாரையோ பிடித்து நிரந்தரம் ஆனவர்கள் பங்குனி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். இவள் வெளியே மண் உடைத்துக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு சட்டத்தை எழுதி வைத்த புண்ணியவான் யாரோ, அவனை ஒருநாள் அந்த வாசலில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்.

எண்பத்தேழில் மெட்ராஸ் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்து வருஷம் தாண்டிய தினக்கூலி ஆட்களின் பட்டியலை அனுப்புங்கள், நிரந்தரம் செய்கிறோம் என்று. அதிகாரி தெய்வசிகாமணி முதல் பெயராகப் பாஞ்சாலியின் பெயரை எழுதி அனுப்பினார். தீபாவளிக்குள் உத்தரவு வந்துவிடும் என்று பேச்சு. பாஞ்சாலியின் புருஷன் சீனுவாசன் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவன். அந்த மனுஷனுக்கு வாயில் எதுவும் நிற்காது. உத்தரவு வருவதற்கு முன்னாலேயே, "என் பொண்டாட்டி கவர்மென்ட்டு ஆளு ஆயிட்டா" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான்.

அந்த வருஷம்தான் முகையூர் மண்ணும் வந்தது.

அது என்ன மண் என்று கேட்டால், தெய்வசிகாமணி சொன்னதையே சொல்லிவிடலாம். புதிதாக ஒரு பூச்சிமருந்து வருகிறது. அது மண்ணில் எத்தனை நாள் தங்கும், மண்ணில் வாழ்கிற உயிர்களை என்ன பாடு படுத்தும் என்று பார்க்க வேண்டும். ஆளாளுக்குத் தன் ஊர் மண்ணில் போட்டுப் பார்த்தால் ஒருவர் கண்டது இன்னொருவருக்குப் பொருந்தாது. அதனால் நாடு முழுக்க எல்லா ஆய்வுக்கூடத்துக்கும் ஒரே மண்ணைக் கொடுத்து, அதில் சோதிக்கச் சொல்வது. கடைக்காரன் தராசுக்குப் படிக்கல் எப்படியோ அப்படி. நாலைந்து வகை மண்ணைத் தேர்ந்தெடுத்ததில் செம்மண்ணுக்கு நம் பக்கத்து மண் அமைந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அந்த மண்ணில் ஒரு சொட்டு மருந்துகூடப் பட்டிருக்கக் கூடாது.

இந்தக் காலத்தில் அப்படி ஒரு நிலத்தை எங்கே போய்த் தேடுவது? மூன்று மாதம் அலைந்து, கடைசியில் முகையூரில் கண்ணையன் என்பவரின் மேட்டுத்துண்டு அகப்பட்டது. கல்லும் முள்ளுமாக, ஏர் பூட்டாமல் கிடந்த நிலம். கண்ணையன் நல்ல சம்சாரி, கொஞ்சம் வீம்பு பிடித்தவர். "எங்கப்பா காலத்துலேருந்து இந்தத் துண்டுல ஒரு சிட்டிகை மருந்து பட்டதில்லீங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்" என்றார். போட்டும் கொடுத்தார்.

ஆடி பிறந்ததும் டிராக்டரில் மண் வந்து இறங்கியது. கொட்டகையில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினார்கள். தெய்வசிகாமணி ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுப் பாஞ்சாலியிடம் சொன்னார்.

"இத மண்ணுன்னு நெனைக்காத பாஞ்சாலி. வெத மாதிரி நெனச்சுக்கோ. நெழல்லதான் காயணும். ஒரு எறும்பு, ஒரு பூச்சி, ஒரு தூசு உள்ள போகக் கூடாது. ஒன் பொறுப்பு."

விதை மாதிரி என்று சொல்லிவிட்டாரா, போதாதா! மல்லாட்டை என்கிற நிலக்கடலையை விதைக்குக் காயப்போட்டுப் பழகிய கை பாஞ்சாலியுடையது. மறுநாள் காலையில் பார்த்தால், மண்ணில் கலந்திருந்த புல்விதைக்கு எறும்பு சாரைசாரையாக வந்துகொண்டிருந்தது. ஸ்டோர் சாவி வைத்திருந்த ராஜவேலுவிடம் ஓடினாள். ராஜவேலு முப்பது வயது, நிரந்தர ஆள், நல்ல பையன்தான். எதற்கெடுத்தாலும் பேஜாரு பேஜாரு என்று அலுத்துக்கொள்வான்.

"தம்பி, எறும்பு ஊர்ந்துக்கினு இருக்குது. கொஞ்சம் பொடி குடு."

"இதுக்கு வேற பேஜாரா? எடுத்துக்கினு போக்கா" என்று பூச்சி கொல்லுகிற பி.எச்.சி. பொடி ஒரு டப்பா கொடுத்தான்.

விதை காயப்போடுகிற எந்தப் பெண்ணும் செய்கிறதைத்தான் பாஞ்சாலியும் செய்தாள். தார்ப்பாயைச் சுற்றி விளிம்போடு வெள்ளையாக ஒரு கோடு இழுத்தாள். எறும்பு நின்றுபோயிற்று. ஆடிக்காற்று வீசி வீசிக் கோடு கலைந்துபோகும்; சாயங்காலம் போகும்போது மறுபடி இழுத்துவிட்டுப் போவாள். பதினோரு நாள் இப்படி. கலைந்த பொடி எங்கே போயிற்று என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. களத்து மல்லாட்டையில் பட்டால் தொலி உரித்துவிட்டுப் பருப்பை எடுக்கிறோம், அவ்வளவுதானே. மண்ணுக்கு ஏது தொலி! காய்ந்த மண்ணை விளிம்பிலிருந்து கூட்டி அள்ளி, மரக்கொட்டாப்புளியால் தட்டி, சலித்து, கூம்பாகக் குவித்து, ஏழு தடவை புரட்டிப் புரட்டிக் கலந்தாள். அவ்வளவு சீராகக் கலக்க இந்த ஜில்லாவில் வேறு ஆளே கிடையாது.

நாற்பது டின்னில் அடைத்தார்கள். ஒவ்வொரு டின்னிலும் காகிதம் ஒட்டினார்கள். முகையூர் செம்மண், சேகரித்த தேதி, பொறுப்பு அதிகாரி தெய்வசிகாமணி.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை பாக்கி. நாலு கண்ணாடி ஜாடியில் வெறும் மண்ணை மட்டும் போட்டு, மருந்து எதுவும் கலக்காமல், ஈரம் காட்டி, இரைக்குக் கொஞ்சம் சாணி வைத்து, ஜாடிக்குப் பத்து மண்புழு விட வேண்டும். ஏழாம் நாள் ஒரு தடவை, பதினாலாம் நாள் ஒரு தடவை கொட்டி எண்ண வேண்டும். நாற்பது புழுவில் நாலுக்கு மேல் செத்தால் மண் சரியில்லை என்று அர்த்தம். புழு வளர்க்கிற எருக்குழியும் எண்ணுகிற வேலையும் பாஞ்சாலியுடையது. பத்து என்று அவள் சொன்னால் தெய்வசிகாமணி பத்து என்று எழுதுவார். பதினொரு வருஷமாக அதுதான் வழக்கம்.

ஏழாம் நாள் தெய்வசிகாமணி கூட்டத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். பாஞ்சாலி முதல் ஜாடியைத் தட்டில் கொட்டினாள். ஏழு இருந்தது. சரியாகப் பார்க்கவில்லையோ என்று விரலால் துழாவினாள். ஏழுதான். இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் எட்டு. நாலாவதில் ஆறு. உயிரோடு இருந்தவைகூடச் சுருண்டு சுருண்டு துள்ளின. ஒன்றிரண்டின் உடம்பில் நடுவில் கயிறு கட்டி இறுக்கியதுபோல் வீக்கம். பதிமூன்று புழு செத்துப்போயிருந்தது.

தண்ணீரா? அதே கிணற்றுத் தண்ணீர்தான். சாணியா? அதே மாட்டுச் சாணி. எருக்குழியில் மற்ற புழுக்கள் சுகமாக நெளிந்துகொண்டிருக்கின்றன. ஈர மண்ணை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். பூஞ்சை பிடித்த மாதிரி ஒரு வாடை. மல்லாட்டை குடோனில் வருகிற வாடை அது. பொடி வாடை. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மரத்துப்போன அய்யாவின் மூக்குக்கு எட்டாமல் போனது அவள் மூக்குக்கு எட்டிவிட்டது.

நேராக ராஜவேலுவிடம் போனாள். அவன் முகம் செத்துவிட்டது.

"சத்தமா பேசாதக்கா. யாராவது கேட்டா இன்னா ஆவறது?"

"அய்யா வந்ததும் சொல்லிடறேன் தம்பி."

"பைத்தியமா நீ? லிஸ்ட்டு மெட்ராஸ்ல இருக்குது. இப்பப் போயி, மண்ணு முழுக்க நாந்தான் கெடுத்தேன்னு சொல்லுவியா? ஒன்னயும் தூக்கிடுவாங்க, பொடி குடுத்த என்னயும் தூக்கிடுவாங்க. எருக்குழில புழு இல்லயா? ஜல்தியா பதிமூணு எடுத்துப் போட்டுட்டுப் போவியா!"

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பாஞ்சாலி எருக்குழியோரம் போய் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அய்யா முகம் வந்தது. இன்னொரு பக்கம் அந்த வாசல், அந்தக் கேள்வி, அந்த அரை நொடி. இன்னும் இரண்டே மாதம், அப்புறம் அந்த வாசலில் நிற்கவே வேண்டாம். புழுதானே, மனுஷனா செத்துப்போனான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதிமூன்று புழுவை எடுத்துக் கழுவி ஜாடிகளில் விட்டாள். தாளில் பத்து, பத்து, பத்து, பத்து என்று எழுதினாள். எழுதத் தெரிந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவை வருத்தப்பட்டாள்.

பிறகு வந்த ஏழு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினாலாம் நாள் விடியும்போதே வந்து, யாரும் வருமுன் ஜாடிகளைத் திறந்தாள். புதிதாக விட்டதிலும் ஆறு போயிருந்தது. இன்னும் ஆறு எடுத்துப் போட்டாள். பத்து மணிக்குத் தெய்வசிகாமணி பேனாவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். இவள் ஒவ்வொரு ஜாடியாகக் கொட்டி, பத்துங்கய்யா, பத்துங்கய்யா என்றாள். அவர் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கடைசி ஜாடிக்கு ஒன்பது என்று சொன்னாள். எல்லாம் பத்தாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ராஜவேலு சொல்லிக்கொடுத்திருந்தான்.

"பிரமாதம்! நாப்பதுக்கு முப்பத்தொம்பது" என்று மேசையைத் தட்டினார் தெய்வசிகாமணி. "ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு நல்ல வேல செஞ்சுட்டேன் பாஞ்சாலி."

அவளுக்கு அங்கேயே மண்டியிட்டு அழலாம் போல் இருந்தது. சிரித்துவைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை நாற்பது டின்னும் ஜீப்பில் ஏறி விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போயின. டின்களைப் பிடித்துக்கொள்ளப் பாஞ்சாலியும் ராஜவேலுவும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பார்சல் ஆபீஸ் முன்னால் பிளாட்பாரத்தில் அடுக்கினார்கள். வடக்கே போகிற வண்டி பதினோரு மணிக்கு. மண் போய்ச் சேர வேண்டிய பன்னிரண்டு ஊர் பெயர் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெய்வசிகாமணி மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணையனும் வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை.

"எங்க ஊரு மண்ணு டில்லிக்குப் போவுதாமே. வழியனுப்பாம இருந்தா நல்லாருக்குமா?" என்று சொல்லி மடியிலிருந்து சூடத்தை எடுத்தார்.

"அய்யோ, சூடம் கீடம் எல்லாம் வேணாம்! டின் பக்கத்துல எதையும் கொளுத்தாதீங்க" என்று பதறித் தடுத்தார் தெய்வசிகாமணி. எல்லோரும் சிரித்தார்கள். பாஞ்சாலி மட்டும் டின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணையன் ஆளுக்கு ஒரு கை மல்லாட்டையைக் கொடுத்துவிட்டு விசாரித்தார். "போன எடத்துல இத என்னா செய்வாங்க?"

"மருந்து கலக்கறதெல்லாம் அப்பறம். மொதல்ல வெறும் மண்ணுல பத்துப் பத்துப் புழு விட்டுப் பாப்பாங்க. நாங்க பாத்த மாதிரியேதான். பன்னெண்டு எடத்துலயும்."

பாஞ்சாலியின் கையிலிருந்த மல்லாட்டை கீழே சிந்தியது. பன்னிரண்டு இடத்திலுமா? இவளுக்கு அது தெரியவே தெரியாது. இங்கே எண்ணியதோடு முடிந்தது என்றல்லவா நினைத்திருந்தாள்! பன்னிரண்டு ஊருக்கும் போய் யார் புழுவை மாற்றி வைப்பது?

"செத்துப் போச்சுன்னா?" என்றாள்.

"செத்தா என்ன அர்த்தம்? நெலத்துக்காரர் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கார், மருந்து அடிச்ச நெலத்தத் தள்ளிவிட்டுட்டார்னு அர்த்தம்" என்று தெய்வசிகாமணி கண்ணையனின் தோளைத் தட்டிக் கிண்டலாகச் சொன்னார். "அவரும் மாட்டினார், அத நம்பி டின்னுல பேரு ஒட்டின நானும் மாட்டினேன்."

கண்ணையன் வாய்விட்டுச் சிரித்தார். "என் நெலத்து மண்ணுல புழு சாவறதாவது! சத்தியமா சொல்றேன், ஒன்னு செத்தாலும் நான் மீசைய எடுத்துடறேன்."

தூரத்தில் வண்டி ஊதியது. பாஞ்சாலி ராஜவேலுவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் கண்ணாலேயே கெஞ்சினான். போர்ட்டர்கள் வந்து முதல் டின்னில் கை வைத்தார்கள். இன்னும் கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மண் போய்விடும், தீபாவளிக்கு உத்தரவு வந்துவிடும். பன்னிரண்டு ஊரிலிருந்தும் கடிதம் வர எப்படியும் மூன்று மாதம் ஆகும். அப்போது அவளை யார் கேட்கப்போகிறார்கள்? கேட்பது இந்தக் கண்ணையனைத்தான். இந்த அய்யாவைத்தான். நாசமாய்ப் போகிற மனசு, அந்த நேரம் பார்த்துக் கண்ணையனின் மீசையையே பார்க்கச் சொன்னது.

"அந்த டின்ன ஏத்தாதீங்க!"

கத்தியே விட்டாள். போர்ட்டர்கள் நின்றார்கள்.

"அய்யா, புழு செத்துச்சுங்கய்யா. நான்தான் மாத்தி வெச்சேன்."

தெய்வசிகாமணிக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்த வாய் அப்படியே இருந்தது. பாஞ்சாலி மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். எறும்பு வந்தது, பொடிக் கோடு போட்டது, காற்று அடித்தது, ஏழாம் நாள் பதிமூன்று செத்தது, வாடை வந்தது, எருக்குழியிலிருந்து எடுத்துப் போட்டது, பதினாலாம் நாள் விடியற்காலையில் மறுபடி ஆறு மாற்றியது. வண்டி வந்து நின்று, ஜனங்கள் இறங்கி ஏறி, டீ, வடை என்று கூவிக்கொண்டு ஓட, அந்தச் சந்தடிக்கு நடுவே இவள் சொல்லி முடித்தாள்.

"பொடிய யாரு குடுத்தது?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"ஸ்டோர்ல இருந்துச்சுங்க. நான்தான் எடுத்துக்கினேன்."

ராஜவேலு சிக்னல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்த ஜாடில எத்தன?"

"ஏழாம் நாளு மூணு, நாலு, ரெண்டு, நாலுங்க. பதினாலாம் நாளு ஒன்னு, ரெண்டு, ஒன்னு, ரெண்டுங்க." ஒன்றுகூட மறக்கவில்லை அவளுக்கு. "கடைசி ஜாடிக்கு ஒம்பதுன்னு சொன்னதும் பொய்யிங்க. அதுல பத்து இருந்துச்சு."

தெய்வசிகாமணி பார்சல் தாளைத் திருப்பி, அதன் முதுகில் எல்லாவற்றையும் எழுதினார். பார்சல் குமாஸ்தா, "சார், ஏத்தறதா வேணாமா? வண்டி கெளம்புது" என்று இரண்டு தடவை கேட்டார். இவர் நிமிரவில்லை. கை மட்டும் வேண்டாம் என்று ஆடியது. வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டியும் போய், பிளாட்பாரம் ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"பொடி போட்டது உன் தப்பு இல்ல பாஞ்சாலி. எறும்பு வரக் கூடாதுன்னு சொன்னவன் நான். பொடி போடாதன்னு நான் சொல்லல. வெத மாதிரின்னு வேற சொன்னேன். ஏழாம் நாளே வந்து சொல்லியிருந்தா, என் தப்புன்னு நாலு வரி எழுதிட்டு வேற மண்ணு காய வெச்சிருப்பேன். உன் பேரே அதுல வந்திருக்காது."

பாஞ்சாலி டின்களைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதானா? இத்தனை நாள் தொண்டையில் சோறு இறங்காமல் கிடந்தது இதற்கா? நாலு வரியில் போயிருக்கும் விஷயமா இது?

"ஆனா புழுவ மாத்தினத நான் எப்படி என் தப்புன்னு எழுதறது?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. கோபமாக இருந்திருந்தாலும் அவளால் தாங்கியிருக்க முடியும். "ரிப்போர்ட்ட அனுப்பிட்டேன். முப்பத்தொம்பதுன்னு அங்க இருக்குது. அது பொய்யின்னு எழுதணும். யாரு சொன்ன பொய்யின்னும் எழுதணும்."

"லிஸ்ட்டு வர்ற நேரம்னுதாங்கய்யா..."

"தெரியும்."

தாளை நீட்டினார். பேனாவையும் நீட்டினார். இந்தக் கையெழுத்தைப் போட்டால் எந்தப் பட்டியலிலிருந்து எந்தப் பெயர் போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். டின் மேல் தாளை வைத்து, எழுத்துக் கூட்டி, பாஞ்சாலி என்று எழுதினாள்.

கண்ணையனுக்கு எல்லாம் மெள்ளத்தான் உறைத்தது. "அப்ப என் மண்ணு?" என்றார்.

"உங்க மண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார் தெய்வசிகாமணி.

கண்ணையன் மல்லாட்டைப் பையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டார். பாஞ்சாலியைத் தாண்டும்போது நின்று, "என் பேர நாறடிக்க இருந்தியேம்மா" என்றார். இரண்டு எட்டு வைத்துத் திரும்பி, "இப்பவாவது சொன்னியே, அது மட்டும் நல்லதா போச்சு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் உத்தரவு வந்தது. ஏழு பெயர். பாஞ்சாலியின் பெயர் இல்லை. சீனுவாசன் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்கே போகவில்லை. "பத்தொம்பது புழுவுக்காடி பதினோரு வருஷத்தக் குடுத்த?" என்று ஒரு தடவை கத்தினான். அவளும் தன்னைத்தானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ராஜவேலு ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தான். "என்ன மன்னிச்சுடுக்கா" என்றான். டீ ஆறிப்போகும் வரை அவள் மண் தட்டுவதை நிறுத்தவில்லை.

வேலையை விட்டு அவளை யாரும் போகச் சொல்லவில்லை. தை மாதம் அதே மேட்டுத்துண்டிலிருந்து கண்ணையன் புதிதாக மண் வெட்டிக் கொடுத்தார். யாரைக் காயவைக்கச் சொல்வது என்று பேச்சு வந்தபோது, தெய்வசிகாமணி வேறு பெயர் சொல்லவில்லை. இந்தத் தடவை அவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவும் இல்லை. தார்ப்பாயைச் சுற்றி நாலு பக்கமும் களிமண்ணால் சின்ன வாய்க்கால் கட்டினாள், தண்ணீர் நிரப்பினாள். வற்றும்போதெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்படியும் தாண்டி வந்த எறும்பை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினாள். ஒன்பது நாளும் கொட்டகையை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக்கூட வெளியே கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

மாசி மாதம் பதினாலாம் நாள் வந்தது. தெய்வசிகாமணி பேனாவோடு வந்து நின்றார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. பாஞ்சாலி முதல் ஜாடியைத் தட்டில் கொட்டி, மண்ணை விலக்கி, ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். எல்லாம் சிவப்பாக, கொழுகொழுவென்று நெளிந்தன. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பத்துங்கய்யா."

பேனா தாளில் இறங்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடிப் பையில் செருகினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, குனிந்து, விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு அழாத பாஞ்சாலிக்கு இப்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்தால் அவர் பார்த்துவிடுவார் என்று அப்படியே நின்றாள்.

"பத்து" என்றார் தெய்வசிகாமணி.

"ஆமாங்கய்யா" என்ற பாஞ்சாலி, அடுத்த ஜாடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.